ரஷ்ய இலக்கியத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

பிற நாட்டு மக்களை அவர்களுடைய கதைகள் வழியாக அறிந்துகொள்ள விரும்புவதாகவும், ஜப்பானியக் கதைகளும் லத்தீன் அமெரிக்கக் கதைகளும் ஓரளவு படித்துவிட்டு இப்போது ரஷ்யப் பக்கம் வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எதில் தொடங்குவது, குழப்பும் பெயர்களை என்ன செய்வது, எல்லாமே சோகமா, 'போரும் அமைதியும்' படித்தே ஆக வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். பெரிய நாவல்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும்; நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன். அந்த மண்ணில் ஒரு மனிதன் எதற்கு அஞ்சினான், யார் முன்னால் எழுந்து நின்றான், எதைச் சேமித்தான், யாரிடம் அழுதான் என்பதைக் காட்டும் புத்தகங்கள் எவை என்று கேட்கிறீர்கள். அப்படியானால் என் பதில், இளவரசர்களையும் சீமாட்டிகளையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, குமாஸ்தாக்கள், வண்டிக்காரர்கள், சாவடிக்காரர்கள் வழியாக உள்ளே நுழையுங்கள் என்பதுதான்.

கல்லூரியில் பல ஆண்டுகள் ஒப்பிலக்கியம் கற்பித்தேன். இப்போது ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களோடு சேர்ந்து படிக்கிறேன். செக்கோவையும் புஷ்கினின் உரைநடையையும் அகராதி பக்கத்தில் இருந்தால் ரஷ்ய மொழியிலேயே படிக்க முடியும். பெருநாவல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் படித்திருக்கிறேன். அதனால் உரைநடையைப் பற்றி இங்கே ஓரளவு உறுதியாகப் பேசுகிறேன். கவிதையைப் பற்றி அவ்வாறு பேச எனக்குத் தகுதி இல்லை. புஷ்கினை ரஷ்யர்கள் ஏன் எல்லோருக்கும் மேலே வைக்கிறார்கள் என்பது அவருடைய கவிதையில் இருக்கிறது. அது எந்த மொழிபெயர்ப்பிலும் எனக்கு முழுதாக வசப்படவில்லை.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியைத் தெரிந்துகொண்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யக் கதைகளில் பாதி தானாகத் திறந்துகொள்ளும். 1722-இல் முதலாம் பீட்டர் அரசர் பதவிப் படிநிலை அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். படை, அரசுப் பணி, அரசவை என்று எல்லாவற்றையும் 14 படிகளாகப் பிரித்தது அது. எந்தப் படியில் இருப்பவரை எந்த மரியாதைச் சொல்லால் விளிக்க வேண்டும் என்பதுகூட வரையறுக்கப்பட்டிருந்தது. 1917 புரட்சி வரை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், படித்த ரஷ்யன் ஒருவனுடைய வாழ்க்கை இந்தப் படிகளில் ஏறுவதிலும் வழுக்குவதிலும் கழிந்தது. கதையில் ஒருவர் அறிமுகமாகும்போதே அவருடைய பதவியும் சொல்லப்படுவதைப் பார்ப்பீர்கள். அதை அலங்காரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த மனிதனை யார் திட்டலாம், இவன் யாரைத் திட்டலாம் என்று அதிலேயே சொல்லியாகிவிட்டது.

தொடக்கத்துக்குப் புஷ்கினின் பெல்கின் கதைகளில் வரும் அஞ்சல் சாவடிக்காரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1831-இல் வெளிவந்தது, இருபது பக்கம்கூட இருக்காது. சாம்சன் வீரின் நெடுஞ்சாலையில் பயணிகளுக்குக் குதிரை மாற்றிக் கொடுக்கும் சாவடியை நடத்துபவர். பதினான்காம் படி, அதாவது கடைசிப் படி. அந்தப் பதவி அவரை அடி வாங்காமல் காப்பதற்கு மட்டுமே உதவுகிறது, அதுவும் எப்போதும் இல்லை என்று கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அவருடைய மகள் துன்யாவைக் குதிரைப்படை அதிகாரி மின்ஸ்கி பீட்டர்ஸ்பர்க்குக்கு அழைத்துப் போய்விடுகிறான். அப்பா நடந்தே தலைநகருக்குப் போய் அவனைச் சந்திக்கிறார். அவன் அவருடைய சட்டைக் கையில் எதையோ திணித்து வெளியே அனுப்பிவிடுகிறான். தெருவில் நின்று எடுத்துப் பார்த்தால் கசங்கிய ரூபிள் நோட்டுகள். அவமானத்தில் உருண்டையாக்கித் தரையில் எறிந்து, மிதித்துவிட்டு நடக்கிறார். சில அடிகள் போனதும் நின்று யோசித்துத் திரும்பி வருகிறார். நோட்டுகள் அங்கே இல்லை. நன்றாக உடுத்திய இளைஞன் ஒருவன் அவரைக் கண்டதும் அவசரமாக வாடகை வண்டியில் ஏறிப் பறந்துவிடுகிறான்.

அந்தத் திரும்பி வருதலைக் கவனியுங்கள். மானமுள்ள ஏழை பணத்தை எறிந்துவிட்டுப் போனான் என்று நிறுத்தியிருந்தால் அது நீதிக்கதையாக முடிந்திருக்கும். ஏழைக்குப் பணம் வேண்டும் என்பதையும் புஷ்கின் மறைக்கவில்லை, அதற்காக அவரை இகழவும் இல்லை. பின்னால் வந்த ரஷ்ய உரைநடையில் நான் மிகவும் மதிக்கும் நேர்மை இந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. மகள் கெட்டழிந்தாளா, நன்றாக வாழ்ந்தாளா என்பதற்குக் கதையின் முடிவு தரும் பதிலை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் எதிர்பார்ப்பதாக அது இருக்காது.

அடுத்தது 1842-இல் வந்த கோகோலின் 'மேலங்கி'. அக்காக்கி அக்காக்கியேவிச் ஒன்பதாம் படிக் குமாஸ்தா, ஆவணங்களை நகல் எடுப்பது வேலை, ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். பழைய மேலங்கி இற்றுப்போய்விட்டது. தையல்காரர் பெத்ரோவிச் இனி ஒட்டுப்போட முடியாது என்கிறார். புதியதற்கு 80 ரூபிள் ஆகும். பீட்டர்ஸ்பர்க் குளிரில் மேலங்கி ஆடம்பரம் அல்ல, உயிர். அந்தப் பணத்தைச் சேர்க்க அவர் மாலைத் தேநீரை நிறுத்துகிறார், இரவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, செருப்படி தேயாதிருக்க நுனிக்காலால் மெதுவாக நடக்கிறார், துணிகளைச் சலவைக்குப் போடுவதைக் குறைக்கிறார். கழுத்துக்கு விலையுயர்ந்த மென்மயிர் வாங்க முடியாமல், தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே தெரியும் பூனைத்தோலை வாங்குகிறார்கள். இந்தச் சிக்கனக் கணக்கைக் கோகோல் சிரிப்பு வரும்படி எழுதுகிறார். சிரித்துக்கொண்டே போகும்போது தொண்டை அடைக்கும். "நாங்கள் எல்லோரும் கோகோலின் மேலங்கியிலிருந்து வந்தவர்கள்" என்று தாஸ்தாயெவ்ஸ்கி சொன்னதாக எல்லா முன்னுரைகளிலும் படிப்பீர்கள். அவருடைய எழுத்தில் அந்த வாசகம் கிடையாது. பிரெஞ்சு விமர்சகர் ஒருவர் வழியாகப் பரவியது. யார் சொன்னது என்பது ஐயத்துக்குரியது. சொன்ன செய்தியில் மட்டும் உண்மை இருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: கோகோல் இன்றைய உக்ரைனின் பொல்தாவா பகுதியில் பிறந்தவர், ரஷ்ய மொழியில் எழுதியவர். அவர் யாருக்கு உரியவர் என்ற வாதம் இன்றும் சூடாக நடக்கிறது. அதைத் தீர்ப்பது என் வேலை அல்ல. ஆனால் "ரஷ்ய இலக்கியம்" என்ற பெயருக்குள் பல மக்கள் அடங்கியிருக்கிறார்கள் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

படிநிலைக்கு அடியில், கணக்கிலேயே சேராத மக்கள் இருந்தார்கள். அவர்கள்தான் பண்ணையடிமைகள். 1861-இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. நிலத்தோடு விற்கப்பட்டார்கள், சில சமயம் நிலமில்லாமலும் விற்கப்பட்டார்கள். ஒரு சீமானின் செல்வத்தை அவனிடம் எத்தனை 'ஆன்மா' இருக்கிறது என்று எண்ணிச் சொன்னார்கள். கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலின் கதையே இந்த எண்ணிக்கையில் இருக்கும் ஓட்டைதான்: அடுத்த கணக்கெடுப்பு வரை செத்தவனும் பட்டியலில் உயிரோடு இருப்பான், அந்தப் பெயர்களை மலிவாக வாங்கி அடகு வைக்கத் திட்டமிடுகிறான் சீச்சிக்கோவ். துர்கேனிவின் 'முமூ' இதைவிடச் சிறியது, இதைவிடக் கொடியது. வாய் பேசாத பேருருவக் காவல்காரன் கெராசிம், அவனுக்கு உறவென்று இருக்கும் ஒரே நாய்க்குட்டி, தூக்கம் கெடுகிறது என்று சொல்லும் எஜமானி. கோகோல் இறந்தபோது இரங்கல் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டிருந்த நிலையில் 1852-இல் துர்கேனிவ் எழுதியது. ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அழுதுகொண்டே படித்த கதை இது. செக்கோவின் தாத்தா தன் குடும்பத்துக்கு விலை கொடுத்து விடுதலை வாங்கிய பண்ணையடிமை. அந்த நினைவு எத்தனை அண்மையானது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பெயர்களைப் பற்றி. ஒருவருக்கு மூன்று பகுதிப் பெயர்: சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து உருவாகும் நடுப்பெயர், குடும்பப் பெயர். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இது அந்நியமாக இருக்கத் தேவையில்லை. மரியாதையாகப் பேசும்போது முதல் இரண்டும் சேர்ந்து வரும். இவான் இலியீச் என்றால் இலியாவின் மகன் இவான். வீட்டில் செல்லப்பெயர்: ரதியோன் ரோத்யா ஆவான், திமீத்ரி மீத்யா ஆவான், அலெக்சேய் அல்யோஷா ஆவான். நாவலின் முதல் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி, புதிய பெயர் வரும்போதெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாள் தேவைப்படாது. அதற்கு மேல் ஒரு பலனும் உண்டு. ஒரே ஆளை யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கவனித்தால் அவர்களுக்கிடையே உள்ள நெருக்கமும் தூரமும் தெரியும். பெயர் மாறும் இடத்தில் பெரும்பாலும் உறவும் மாறியிருக்கும்.

இப்போது செக்கோவ். ஒரே ஒரு ரஷ்ய எழுத்தாளரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், தயங்காமல் அவரைக் கையில் கொடுப்பேன். 1886-இல் எழுதிய 'துயரம்' கதையில் தொடங்குங்கள். மாலை, ஈரப்பனி கொட்டுகிறது. வாடகை வண்டிக்காரர் இயோனா பொத்தாப்பவ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், அவர் மேலும் குதிரை மேலும் பனி படிகிறது. அந்த வாரம் அவருடைய மகன் காய்ச்சலில் செத்துப்போய்விட்டான். ஏறும் அதிகாரியிடம் சொல்லப் பார்க்கிறார். அவன் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான். அடுத்து ஏறும் மூன்று இளைஞர்கள் அவரைத் திட்டி, பிடரியில் அடிக்கிறார்கள். அந்த வசவையும் அவர் விரும்பிக் கேட்கிறார், ஏனென்றால் அது மனிதக் குரல். விடுதிக்குத் திரும்பினால், தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரனிடம் ஆரம்பிக்கிறார். அவன் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான். எப்படி நோய் வந்தது, சாவதற்கு முன் என்ன சொன்னான், ஆஸ்பத்திரிக்குப் போய் அவனுடைய துணிகளை வாங்கிவந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாக, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும் அவருக்கு. கடைசியில் லாயத்துக்குப் போகிறார். வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் குதிரையிடம் சொல்கிறார்.

என் வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதையைப் படித்தவர்கள் முதலில் பேசுவது தனிமையைப் பற்றித்தான். என்னைத் தொடுவது வேறு: துக்கத்தைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு, அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று இயோனாவுக்குத் தெரியும். அவர் கிராமத்திலிருந்து வந்தவர். கேட்பவர் பெருமூச்சு விட வேண்டும், கூடவே ஒப்பாரி வைக்க வேண்டும், பெண்களிடம் பேசினால் இன்னும் நல்லது என்று அவரே நினைக்கிறார். நகரம் அந்த முறையை அவரிடமிருந்து பறித்துவிட்டது. இழவு வீட்டில் ஊரே உட்கார்ந்திருக்கும் பழக்கமுள்ள ஒரு சமூகம் நகரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பக்கங்களை நான் படித்ததில்லை. பிறகு 'வான்கா', 'ஆறாவது வார்டு', 'நாய்க்காரச் சீமாட்டி' என்று போங்கள். 1900-இல் வந்த 'பள்ளத்தாக்கில்' கதையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தைப் பற்றிய இனிமையான கற்பனைகளையெல்லாம் அது தீர்த்துவிடும். இன்னொரு சிறு தகவல்: 1890-இல் சகாலின் தீவின் தண்டனைக் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டுக் கடல் வழியே திரும்பிய செக்கோவ் இலங்கையில் சில நாட்கள் தங்கினார். கப்பலிலேயே செத்துக் கடலில் விடப்படும் போர்வீரனின் கதையான 'கூசெவ்' அங்கே எழுதத் தொடங்கியது. நம் கடலும் வெயிலும் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன.

எல்லாம் சோகமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இல்லை. செக்கோவின் தொடக்கக் கதைகளில் 'ஒல்லியும் தடியும்' என்று ஒன்று உண்டு. இரண்டு பள்ளித் தோழர்கள் ரயில் நிலையத்தில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். தடியானவர் மூன்றாம் படியில் இருக்கும் பெரிய அதிகாரி என்று தெரிந்ததும் ஒல்லியானவர் சுருங்குகிறார், அவருடைய பெட்டிகளும் மூட்டைகளும்கூடச் சுருங்குகின்றன, நண்பன் "பிரபு" ஆகிவிடுகிறான். மூன்று பக்கம்தான். படிநிலை அட்டவணை மனிதனுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை அது சிரிக்கவைத்தே காட்டிவிடும்.

தல்ஸ்தோயில் முதலில் 'இவான் இலியீச்சின் மரணம்'. 1886-இல் வந்தது. நீதிமன்ற அதிகாரி ஒருவர் 45 வயதில் இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கேட்டதும் சக அதிகாரிகள் ஒவ்வொருவரும் முதலில் நினைப்பது, இதனால் யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்பதுதான். படிகளில் ஒழுங்காக ஏறிய ஒரு வாழ்க்கை, சாவின் முன்னால் எதற்கும் உதவாமல் போகிறது. வீட்டில் எல்லோரும் அவருக்கு ஒன்றுமில்லை என்று நடிக்கும்போது, கெராசிம் என்ற குடியானவப் பணியாள் மட்டும் இரவெல்லாம் அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். தல்ஸ்தோய் குடியானவனை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர் என்ற விமர்சனம் எனக்கும் சில இடங்களில் சரியாகப்படுகிறது; இந்தக் கதையில் படவில்லை. அவர் 1908-இல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளின் கருத்துகளை எடுத்தாள்கிறார். அந்தக் கடிதத்தைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார், 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தல்ஸ்தோய் பண்ணையைத் தொடங்கினார், அங்கே தமிழர்கள் பலர் வாழ்ந்தார்கள். ஆகவே இந்த எழுத்தாளர் நமக்கு அத்தனை தொலைவில் இருந்தவர் அல்ல.

தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றி வாசகர்கள் ஒத்துப்போவதில்லை. என் கருத்தைக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1849 டிசம்பரில் மரண தண்டனை என்று சொல்லி மைதானத்தில் நிறுத்தி, கடைசி நிமிடத்தில் தண்டனையை மாற்றி, ஓம்ஸ்க் சிறைக்கு நான்காண்டு கடுங்காவலுக்கு அனுப்பப்பட்டவர் அவர். தமிழில் பலர் 'வெண்ணிற இரவுகள்' வழியாக அவரிடம் வருகிறார்கள். அது அழகான குறுநாவல். ஆனால் சிறைக்கு முந்தைய தாஸ்தாயெவ்ஸ்கி. நான் 'குற்றமும் தண்டனையும்' நாவலைத்தான் முதலில் தருவேன். ஜூலை மாதப் புழுக்கம், சவப்பெட்டி போன்ற அறை, அடகுக்காரக் கிழவியின் வீடு வரை 730 காலடி என்று முன்பே எண்ணி வைத்திருக்கும் மாணவன். தத்துவத்தைத் தேடிப் போகாதீர்கள், தெருவையும் படிக்கட்டையும் வாடகையையும் பாருங்கள். தத்துவம் தானாக வந்து பிடித்துக்கொள்ளும். எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கம் நன்றாக ஓடுகிறது.

தமிழில் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரஷ்யப் புத்தகங்கள் வேறெந்த ஐரோப்பிய இலக்கியத்தையும்விடத் தமிழர் வீடுகளுக்குள் மலிவாகவும் தாராளமாகவும் வந்தன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் நேரடியாகத் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பின, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் அவற்றை ஊர் ஊராக விற்றது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றோரின் உழைப்பு சாதாரணமானது அல்ல. அவர்களுக்கு முன்பே டி.எஸ். சொக்கலிங்கம் தல்ஸ்தோயையும் தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் 'தாய்' நாவலையும் தந்திருந்தார்கள். ஆனால் மாஸ்கோவிலிருந்து வந்த அலமாரியை அடுக்கியது ஓர் அரசு. அது அனுப்பாதவையும் உண்டு. கார்க்கியில் 'தாய்' எல்லோருக்கும் தெரியும். எனக்கோ அதைவிட அவருடைய சிறுவயது வாழ்க்கை நூலான 'எனது குழந்தைப் பருவம்' பலமடங்கு பெரியது. பாட்டி ஒருத்தியை இவ்வளவு உயிரோடு எழுதிய நூல்கள் உலகத்தில் குறைவு.

அனுப்பாதவற்றில்தான் இருபதாம் நூற்றாண்டு ரஷ்யாவின் பெரும்பகுதி இருக்கிறது. புல்காக்கவின் 'நாயின் இதயம்' 1925-இல் எழுதியது, சொந்த நாட்டில் அச்சானது 1987-இல். வசீலி கிரோஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவலை 1961-இல் உளவுத்துறை வந்து கைப்பற்றியது. தட்டச்சு நாடாக்களைக்கூட விடவில்லை. நண்பரிடம் ஒளித்து வைத்த பிரதி 1980-இல் சுவிட்சர்லாந்தில் புத்தகமானபோது அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆன்னா அக்மத்தோவா 'இரங்கற்பா'வைத் தாளில் வைத்திருக்க அஞ்சி, நம்பிக்கையான தோழிகளின் நினைவில் பத்திரப்படுத்தினார். இவற்றில் முதலில் சல்ஷெனித்சினின் 'இவான் தெனீசவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' படியுங்கள். 1962-இல் மேலிட அனுமதியோடு வெளியானது. பழைய பதினான்கு படிகளும் போய்விட்டன, இந்தச் சிறைமுகாமில் மனிதன் ஓர் எண். காலையில் கிடைத்த ரொட்டியில் பாதியை மெத்தைக்குள் வைத்துத் தைக்கிறான், கரண்டியைக் காலணிக்குள் செருகிக்கொள்கிறான். கடுங்குளிரில் சுவர் எழுப்பும்போது, வேலை நேரம் முடிந்தும், நேராக வந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறான். யாருக்காகவோ கட்டும் மின்நிலையச் சுவர், ஆனாலும் அது அவன் கட்டிய சுவர். லீதியா சுக்கோவ்ஸ்கயாவின் 'சோஃபியா பெத்ரோவ்னா' இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய குறுநாவல். மகன் கைதான ஒரு தட்டச்சுக்காரத் தாய், சிறை வாசலில் வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களின் பிள்ளைகள் குற்றவாளிகள்தான் என்று உறுதியாக நம்புகிறாள், தன் மகன் விஷயத்தில் மட்டும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்கிறாள். ஸ்டாலின் காலக் கைதுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, 1939-இல் லெனின்கிராதில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பின்னால் எத்தனையோ பேர் எழுதினார்கள். அப்போதே எழுதியவர்கள் மிகச் சிலர். பிளத்தோனவின் 'திரும்புதல்' என்ற போர்க்காலச் சிறுகதையையும் விட்டுவிடாதீர்கள். அதில் வரும் சிறுவன் பெத்ருஷ்கா, அப்பா இல்லாத வீட்டில் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதற்கே கணக்குப் பார்க்கும் குட்டிக் கிழவனாகியிருப்பான்.

பல மக்கள் அடங்கிய பெயர் என்று முன்பு சொன்னேன் அல்லவா? தல்ஸ்தோயின் கடைசிக்கால ஆக்கமான 'ஹாஜி முராத்', காக்கசஸ் மலைகளில் ரஷ்யப் படை நடத்திய போரைப் பேசுவது; இளமையில் அவரே அந்தப் படையில் இருந்தவர். செச்செனிய கிராமம் ஒன்றைப் படை சூறையாடிவிட்டுப் போன பிறகு, மக்கள் திரும்பி வந்து பார்க்கும் ஓர் அத்தியாயம் உண்டு. எரிந்த தேன்கூடுகள், வெட்டிய மரங்கள், அசுத்தப்படுத்திய நீரூற்று, இறந்த பையன். அவர்களுக்கு ரஷ்யர்கள்மீது வந்தது வெறுப்புக்கூட இல்லை, இவர்களை மனிதர்கள் என்றே ஏற்க முடியாத ஓர் அருவருப்பு என்று எழுதுகிறார். பேரரசின் மொழியில், பேரரசின் மிகப் பெரிய எழுத்தாளர் எழுதியது இது. இதற்குப் பக்கத்தில் கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா', 'முதல் ஆசிரியர்' இரண்டையும் வையுங்கள். தமிழில் எளிதாகக் கிடைப்பவை. 'ரஷ்யக் கதை' என்று பலர் அவற்றைப் பரிசளிக்கிறார்கள். அவற்றில் இருப்பது புல்வெளி, குதிரை, கூட்டுக்குடும்பம், அண்ணியைக் காக்கும் கொழுந்தன். அது வேறு மக்களின் உலகம். ஸ்வெத்லானா அலெக்சியேவிச் பெலாரஸ் நாட்டவர், ரஷ்ய மொழியில் எழுதுபவர், 2015-இல் நோபல் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட சோவியத் பெண்களின் வாய்மொழிகளை அவர் தொகுத்த நூலைப் படித்தால் போர் நாவல்கள் பலவற்றை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். தத்தாரிய எழுத்தாளர் குஸெல் யாகினாவின் 'சுலைகா கண் திறக்கிறாள்' 2015-இல் வந்தது; 1930-இல் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்படும் ஒரு கிராமத்துப் பெண்ணின் கதை. இதற்குப் பிந்தைய எழுத்தில் என் வாசிப்பு அத்தனை அகலமானது அல்ல, அதனால் அங்கே பரிந்துரைக்காமல் நிறுத்திக்கொள்கிறேன்.

தலைப்புகள் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும். ஆகவே நூலகத்திலோ கடையிலோ தேடும்போது எழுத்தாளர் பெயரோடு நாயகன் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலும் நான் எழுதியதிலிருந்து சற்று வேறுபடலாம். பழைய மாஸ்கோ பதிப்புகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள்.

மிஞ்சியிருப்பது 'போரும் அமைதியும்'. படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மேலே சொன்ன சிறுகதைகளையும் குறுநாவல்களையும் ஓர் ஆண்டு நிதானமாகப் படித்தவருக்கு அது மலையாகத் தெரியாது. முதல் காட்சியில் வரும் விருந்தில் அத்தனை பேரையும் நினைவில் வைக்க முயலாமல் பியேர், ஆந்திரேய், நதாஷா, நிக்கலாய் என்று நான்கு பேரைப் பின்தொடருங்கள். போர்க்களப் பக்கங்களைப் பெண் வாசகர்களும் விருந்துப் பக்கங்களை ஆண் வாசகர்களும் தாண்டிவிடலாம் என்று சிலர் அறிவுரை சொல்வதுண்டு. அதைக் கேட்காதீர்கள், ஒன்று இல்லாமல் மற்றொன்று பொருள்படாது. நிறைவுரையின் இரண்டாம் பகுதி மட்டும் வரலாற்றைப் பற்றிய தனிக் கட்டுரை. கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. களைத்திருந்தால் அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, கட்டுரையை வேறொரு சமயம் படித்துக்கொள்ளலாம்.